ஆறிலிருந்து இருபது வரை

ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார்கள்.
ஓல்டன் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம்,
முப்பது மீட்டர் நடைவழி,
இரண்டு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு.
விரலைக் கவ்வியிருந்த சின்னக் கருவி
என் இரத்தத்தில் எவ்வளவு காற்று என்று
எனக்குத் தெரியாமல் எண்ணிக்கொண்டிருந்தது.

பதினாறு வருடம்
இரவு ரயில்களைத் துடைத்தவள் நான்.
பெட்டிக்குப் பதினொரு நிமிடம்.
குப்பைத்தொட்டி, கழிவறை, கண்ணாடி,
இருக்கை இடுக்கில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.
அன்று நான்காம் திருப்பத்தில்
சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எவ்வளவு கடினம்?"
ரெகுலா ஓர் அட்டையை நீட்டினாள்.
ஆறிலிருந்து இருபது வரை எண்கள்.
ஒன்றில் ஏன் தொடங்கவில்லை என்று கேட்டேன்,
மூச்சு இருந்த அளவுக்கு.
சும்மா இருக்கும் இதயம் நிமிடத்துக்கு அறுபது,
பத்தால் வகுத்தால் ஆறு என்றாள்.
அப்படியென்றால்
சும்மா இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது.
எந்தச் சம்பளச் சீட்டிலும் அதை நான் பார்த்ததில்லை.

பதினேழைத் தொட்டுக் காட்டினேன்.
உள்ளே வேறு கணக்கு ஓடியது:
களைப்பென்றால் சோறு தின்று படுத்தால் போய்விடும்.
இளைப்பு படியோடு ஏறும், படியோடு இறங்கும்.
அலுப்பு ஆட்களால் வருவது,
அதற்கு மருந்து கதவைச் சாத்துவது.
இது உறங்கி எழுந்தால் கூடுகிறது.
தலை சீவினால் கை கனக்கிறது.
காய்ச்சல் போய்விட்டது,
திறப்பைத் திருப்பித் தரவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி.
மச்சம் சமைக்காத அதே இரண்டு நாள்.
எக்காளம் ஊதிய பேக்கரிக்காரர் ஹான்ஸ்யோர்க்,
எரித்திரியாவின் லெத்தெபிரான்,
பிறகு நான்.
நாற்காலியிலிருந்து எழும்பி, இருந்து, எழும்பி
ஐந்து முறை.
காதைப் பிடிக்காத தோப்புக்கரணம்.
சிரிப்பு வந்தது,
சிரிப்புக்கும் மூச்சு வேண்டியிருந்தது.
ஹான்ஸ்யோர்க் ஒரு நாள்
காகிதக் குழலால் தண்ணீரில் குமிழி ஊதினார்,
முன்பு சதுக்கத்தையே நிரப்பியவராம்.
நாங்கள் மூவரும் குமிழிகளைப் பார்த்தோம்.

வீட்டுப்பாடம் மரப்பாலம்.
ஆரே ஆற்றின்மேல் கூரை போட்ட பாலம்.
பாதி வரை போ, திரும்பு.
"ஏலும்போதே நிறுத்த வேண்டும்" என்றாள்.
ஏலாதபோது நிறுத்தத்தான் எனக்குத் தெரியும்.
அதையும் ஒளித்து ஒளித்துத்தான் செய்திருக்கிறேன்.

மார்ச்சில் ஒரு நாள் வெயில் வந்தது.
உடம்பு லேசாய்க் கிடந்தது, பழைய உடம்பு மாதிரி.
பாதியில் நிற்கவில்லை.
பாலம் முடிந்தது, தெரு முடிந்தது,
கடையில் ஐந்து கிலோ அரிசி வாங்கி
நானே தூக்கிவந்தேன்.
குகதாசன் கதவைத் திறந்து
பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் விடியற்காலை விழுந்தேன்.
ஒன்பது நாள்.
திரைச்சீலை இழுத்த அறை.
அடுத்த அறையில் கரண்டி விழுந்தால்
எனக்கு எலும்பில் கேட்டது.
அந்த அரிசியைத்தான் கஞ்சியாக்கி
அவர் ஊட்டினார்.

ரெகுலா ஏசவில்லை.
அழிறப்பரை எடுத்தாள்.
என் அட்டவணையை முதல் நாளிலிருந்து
ஏன் பென்சிலால் எழுதிவந்தாள் என்று
அப்போதுதான் விளங்கியது.
பாதியை அழித்துக் கால் என்று எழுதினாள்.
கால் பாலம்.
துகளை ஊதிவிட்டாள்.

மேற்பார்வையாளர் இரண்டு தடவை அழைத்தார்.
எப்போது வருவாய் என்றார்.
எந்த மாதம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது,
எத்தனை உத்தரம் என்று கேட்டால் சொல்வேன்.
இன்று பதினான்காவது உத்தரத்தின் கீழ் நிற்கிறேன்.
கீழே பச்சைத் தண்ணீர்
யாருக்கும் காத்திராமல் போகிறது.
அக்கரையில் ஒரு ரயில் மெல்ல நிலையத்துக்குள் நுழைகிறது,
மூன்றாம் பெட்டிக் கண்ணாடியில் கறை.
புதிதாய் வந்த பிள்ளை அவசரப்பட்டிருக்கிறது.

எவ்வளவு கடினம்?
ஒன்பது, என்று எனக்கே சொன்னேன்.
இன்னும் ஏலும்.
திரும்பினேன்.